ஆங்கிலம் பேசுபவருக்கு இந்தி கற்பித்தல்: ரோமன் எழுத்தை விட்டுத் தொடங்குங்கள்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் இந்தியில் பணியாற்றும் அளவுக்குத் தேற 44 வாரங்கள், அதாவது ஏறத்தாழ 1100 வகுப்பு மணி நேரம் தேவை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் கணக்கிடுகிறது. தமிழும் அதே பிரிவில்தான் வருகிறது. ஆங்கிலத்திலேயே வளர்ந்த நண்பருக்கோ உறவினருக்கோ நீங்கள் இந்தி கற்பிக்க முன்வந்தால், ரோமன் எழுத்தில் எழுதிக் காட்டும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே தவிர்க்குமாறு உறுதியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் படி, ஒலி. இந்தியில் ஏழு என்பது ‘ஸாத்’. அதே சொல்லின் இறுதியில் மூச்சைச் சேர்த்தால் ‘உடன்’ என்று பொருள். நாவை மடித்து மூச்சுடன் ‘ஸாட்’ என்றால் அறுபது. ரோமன் எழுத்தில் பின்னிரண்டும் ஒன்றாகிவிடும். தமிழ் எழுத்திலோ முன்னிரண்டும் ஒன்றாகிவிடும். இவற்றுள் மூன்றையும் பிரித்துக் காட்டுவது இந்தியின் எழுத்தான தேவநாகரி மட்டுமே.

ஆங்கிலம் பேசுபவர் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்தைத் தம்மை அறியாமலேயே மூச்சுடன் ஒலிப்பார். அவர் வாயருகே ஒரு மெல்லிய தாளைப் பிடித்து ‘பின்’, ‘ஸ்பின்’ என்னும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லச் செய்யுங்கள். முதற்சொல்லுக்குத் தாள் அசையும், இரண்டாவதற்கு அநேகமாக அசையாது. அசையாத அந்தப் பகரத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பழகிய பிறகுதான் ‘பல்’ (கணம்) என்பதும், மூச்சு சேர்ந்த ‘பல்’ (பழம்) என்பதும் அவர் வாயில் வேறுபடும். த, ட வேறுபாடு நமக்கு இயல்பாக வருவதால் அதை நாமே நன்றாகக் கற்பிக்கலாம்: தகரத்துக்கு நா மேற்பல்லைத் தொட வேண்டும். அவர் ஆங்கில வழக்கப்படி ஒலித்தால், பருப்பை (‘தால்’) கேட்கும்போது மரக்கிளையை (‘டால்’) கேட்டதாகிவிடும்.

இரண்டாம் படி, எழுத்து. தேவநாகரியின் 25 வர்க்க எழுத்துகளும் (ககரம் முதல் மகரம் வரையிலான மெய்கள்) தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் ஐந்து வரிசைகளாக அமைந்திருப்பதால், முன்பு பழகிய ஒலிகளே எழுத்து அட்டவணையாக அவர் கண்முன் நிற்கும். சொல்லிறுதி அகரம் பெரும்பாலும் ஒலிக்கப்படுவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ‘நமக’ என்று எழுதி ‘நமக்’ (உப்பு) என்று படிப்பார்கள்.

மூன்றாம் படி, சொற்றொடர். வினை இறுதியில் வரும். ‘மேஸ் பர்’ என்பது நம் ‘மேசை மேல்’ போலவே அமையும். இது நமக்குப் பழக்கமானது, அவருக்குத் தலைகீழானது. ஆகவே பொறுமை தேவை.

நான்காம் படி, பால். பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்ய விடாமல், ‘அச்சா கர்’ (நல்ல வீடு, ஆண்பால்), ‘அச்சீ கிதாப்’ (நல்ல புத்தகம், பெண்பால்) என்று அடைமொழியோடு சேர்த்தே கற்பியுங்கள். ‘ராம் கீ கிதாப்’, ‘சீதா கா கர்’ என்பவற்றில் உருபு உடையவரின் பாலை விட்டு உடைமையின் பாலைத் தழுவுகிறது. ஆங்கிலத்தில் உடையவரைப் பார்த்தே சொல் மாறுவதால், இங்கே அவர் நெடுநாள் தடுமாறுவார். ‘மைனே ரோட்டீ காயீ’ (நான் ரொட்டி சாப்பிட்டேன்) என்பதில் சாப்பிட்டவர் ஆணானாலும் வினை ரொட்டியின் பெண்பாலை ஏற்கிறது. இந்த ‘நே’ உருபை நிகழ்காலம் நன்கு படிந்த பிறகே தொடுங்கள்.

வாசிப்புக்கு, தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் முதல் வகுப்பு இந்திப் பாடநூலை அதன் இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். அதை நாள்தோறும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சொலிகளைச் சரிபார்க்க மட்டும் இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.