விபத்து வழக்கில் சமரசத் தொகை: கையெழுத்துப் போடுவதற்கு முன்

மக்கள் நீதிமன்ற மேசையில் "நாற்பது லட்சம்" என்று காப்பீட்டு அதிகாரி சொன்னதும், எதிரே இருக்கும் குடும்பம் கேட்கும் முதல் கேள்வி "பணம் எப்போது வரும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. அந்த நாற்பதில் வட்டி அடக்கமா, தனியா?

பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மூன்றாம் நபர் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து தொகை சொன்னவள். இப்போது விபத்தில் ஆளை இழந்த குடும்பத்தார், கை கால் முறிந்தவர்கள் எனப் பலர் காகிதக் கட்டோடு வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தீர்ப்பு, மேல்முறையீடு என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கிய வீடுகளை எனக்குத் தெரியும். ஆனால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து சம்மதிக்க வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 21ஆவது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

கணக்கை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போங்கள்

தொகை அதிகாரியின் மனத்திலிருந்து வருவதில்லை. அவர் கோப்பில் ஒரு தாள் இருக்கும்; அதில் இருப்பது நீங்களும் போடக்கூடிய கணக்குதான். உச்ச நீதிமன்றம் 2009இல் சரளா வர்மா வழக்கிலும், 2017இல் ஐந்து நீதிபதிகள் அமர்வாகப் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்துக் கொடுத்த முறை அது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இறந்தவருக்கு 38 வயது, சொந்தமாக வேன் ஓட்டியவர், மாத வருமானம் 18,000 ரூபாய் என்று நிரூபிக்க முடிகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தார்கள்.

நாற்பது வயதுக்குக் கீழே சுயதொழில் என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும். 18,000 என்பது 25,200 ஆகிறது. நிரந்தர வேலையில் இருந்தவர் என்றால் 50 விழுக்காடு. நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் என்றால் சுயதொழிலுக்கு 25, நிரந்தர வேலைக்கு 30. ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் முறையே 10, 15. சார்ந்திருப்பவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால், இறந்தவர் தனக்காகச் செலவழித்திருப்பார் என்று கால் பங்கைக் கழிப்பார்கள். இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு. மணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. நம் கணக்கில் கால் பங்கு போக மாதம் 18,900 மிஞ்சும்; ஆண்டுக்கு 2,26,800.

இதை வயதுக்கு உரிய பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 36 முதல் 40 வயது வரை பெருக்கெண் 15. (31 முதல் 35 வரை 16, 41 முதல் 45 வரை 14, 46 முதல் 50 வரை 13. வயது ஏற ஏறக் குறைந்து, 65ஐத் தாண்டினால் 5.) ஆக 34,02,000 ரூபாய். இதற்கு மேல் சொத்திழப்புக்கு (அவர் இருந்திருந்தால் சேர்த்து வைத்திருக்கக்கூடியதற்கு) 15,000, ஈமச் செலவுக்கு 15,000, உறவின் துணையை இழந்ததற்கு 40,000. இந்த நாற்பதாயிரம் மனைவிக்கு மட்டும் உரியது அன்று. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கு பேருக்கு 1,60,000. இந்த மூன்று தலைப்புகளும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர வேண்டும் என்பதும் 2017 தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த உயர்வைச் சேர்க்காமலே நம் மொத்தம் 35,92,000 ரூபாய்.

இப்போது நாற்பது லட்சம் என்ற எண்ணைத் திரும்பப் பாருங்கள். கணக்கை விட அதிகம்போலத் தெரிகிறது. மனு போட்டு மூன்று ஆண்டு ஆகியிருந்தால்? விபத்து இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்கள் வழக்கமாக ஆண்டுக்கு 7.5 விழுக்காடு வட்டி கொடுக்கின்றன, மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து பணம் கட்டும் நாள் வரை. 35,92,000க்கு ஒரு வருட வட்டி 2,69,400. மூன்று வருடத்துக்கு 8,08,200. கூட்டினால் 44,00,200. ஆக "எல்லாம் சேர்த்து நாற்பது" என்பது நான்கு லட்சத்துக்கும் மேல் குறைவான தொகை. "நாற்பதும் வட்டியும்" என்றால் கதையே வேறு.

விட்டுக்கொடுக்கக் கூடாதா என்றால், கொடுக்கலாம். வண்டி ஓட்டியதில் இறந்தவர் பக்கமும் தவறு உண்டு என்று முதல் தகவல் அறிக்கையோ விபத்து நடந்த இடத்தின் வரைபடமோ காட்டினால், வருமானத்துக்குச் சான்று இல்லை என்றால், தொகை குறைவது நியாயமே. அப்படி எதுவும் இல்லாமல், சீக்கிரம் தருகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக என்றால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள் என்பது என் கருத்து. அதற்கு மேல் குறைத்தால் எந்தத் தலைப்பில் குறைத்தார்கள் என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணியோடு மேசைக்குப் போயிருந்தேன். கணவர் கட்டட மேஸ்திரி. அதிகாரி இளைஞர், மரியாதையாகவே பேசினார்.

"அம்மா, ஒரே தொகைதான். எல்லாம் சேர்த்து."

"எல்லாம் என்றால் அசல் எவ்வளவு சார்? வட்டி எந்தத் தேதி வரைக்கும் போட்டிருக்கிறீர்கள்?"

அவர் கால்குலேட்டரை எடுத்தார். வட்டி முந்தைய மக்கள் நீதிமன்றத் தேதியோடு நின்றிருந்தது. அந்த வழக்கு அப்போதே பேசப்பட்டு ஒத்திப்போனது; தாளை யாரும் திருத்தவில்லை. அவர் எழுந்து போய் மேலாளரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து தொகையை உயர்த்தினார். கோபமோ வாக்குவாதமோ இல்லை. தேதி கேட்டார், கிடைத்தது.

காயம்பட்டவர்கள் கவனிக்க வேண்டியது

மருத்துவக் குழு கொடுக்கும் ஊன விழுக்காடு வேறு, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு வேறு. 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எளிய உதாரணத்தால் விளக்கியது. இடது கை போன தச்சருக்கும் ஓட்டுநருக்கும் பிழைப்பே கிட்டத்தட்ட முழுதாகப் போகிறது. அதே கை போன எழுத்தருக்கு வேலை தொடரலாம். எனவே "நாற்பது சதவீதம்தானே" என்று சொல்லிப் பெருக்க வந்தால், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதை முன்வையுங்கள்.

அதைவிட அதிகம் தவறிப்போவது ஒன்று. தொடை எலும்பு முறிந்தவருக்கு உள்ளே கம்பியோ தகடோ வைத்திருப்பார்கள். பின்னால் அதை எடுக்க இன்னோர் அறுவை வேண்டியிருக்கும். "முழுமையான, இறுதியான தீர்வாக" என்று சமரசத்தை எழுதும் மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில். எனவே அறுவை செய்த மருத்துவரிடம் உத்தேசச் செலவை எழுதி வாங்கி, எதிர்கால மருத்துவச் செலவு என்று தனித் தலைப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தைக் கையோடு கொண்டுபோங்கள். வெள்ளைக் கோடாகத் தெரியும் அந்தக் கம்பியைக் கண்ணால் பார்த்த பிறகு "அதெல்லாம் எதற்கு" என்று யாரும் சொல்வதில்லை.

கூட்டு மெமோவில் என்ன எழுதியிருக்க வேண்டும்

பேசி முடித்ததும் ஒரு பக்க மெமோ தயாராகும். அச்சடித்த படிவத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பித் தருவார்கள். உங்கள் வழக்கறிஞரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தொகை எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். வட்டி அடக்கமா இல்லையா என்பது வார்த்தையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இடைக்காலமாக ஏதாவது வாங்கியிருந்தால் அது கழிந்ததா என்றும், வட்டிக்கு வரிப் பிடித்தம் இருந்தால் அது யார் பொறுப்பு என்றும் ஒரு வரி வேண்டும்.

அடுத்தது கெடு. தீர்ப்பாயத்தின் தீர்ப்புத் தொகையை 30 நாளில் கட்ட வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆவது பிரிவே சொல்கிறது. சமரசத்திலும் இத்தனை நாளுக்குள் என்று தேதி இருக்கட்டும். "விரைவில்" என்ற சொல் அங்கே இருக்கவே கூடாது. கெடு தாண்டினால் என்ன என்பதையும் எழுதுங்கள். தவறினால் இன்ன விழுக்காடு வட்டி, மெமோ தேதியிலிருந்து, என்ற ஒரு வரி போதும். அந்த வரி இருக்கும் கோப்பு அலுவலகத்தில் மேலே வரும், இல்லாத கோப்பு அடியில் கிடக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் கண்ணெதிரே கண்டது இது.

பிறகு பங்கு. மொத்தத் தொகையை மட்டும் எழுதிவிட்டு "மனுதாரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள்" என்று விடுவது மாமியார் மருமகள் சண்டைக்கு அழைப்பு. மனைவிக்கு இவ்வளவு, ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு, தாய்க்கு இவ்வளவு என்று ரூபாயில் இருக்க வேண்டும். பிள்ளைகள் 18 வயது நிரம்பாதவர்கள் என்றால் அவர்கள் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதி தேவை. அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் பங்கு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாகப் போகும், வட்டியைத் தாயோ காப்பாளரோ எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு கேட்கலாம். அசலைத் தொடவோ அதன் மேல் கடன் வாங்கவோ தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். சிலர் இதைத் தொந்தரவாக நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தகப்பன் உயிருக்கு ஈடாக வந்த பணம், மச்சானின் வியாபாரத்துக்கும் கலியாணக் கடனுக்கும் போகாமல் பிள்ளைக்கு நின்றது என்றால், இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். தீர்ப்பாயங்கள் இதையே பின்பற்ற வேண்டும் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. பாஸ்புக்கின் முதல் பக்க நகலை மெமோவோடு கொடுங்கள். மனுவில் ஒரு பெயர், ஆதாரில் முன்னெழுத்து மாறி, பாஸ்புக்கில் கணவர் பெயரோடு சேர்த்து என்று மூன்று விதமாக இருந்தால், அதைச் சமரசத்துக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். பணம் கட்டிய பிறகு இதற்காக மாதக்கணக்கில் அலைந்தவர்கள் பலர். கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கட்டும். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு உதவி செய்தவராக இருந்தாலும்.

வழக்கறிஞர் கட்டணம் கொடுக்க வேண்டியது, உழைப்புக்கு உரியது. ஆனால் கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேசுவதை இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் தடுக்கின்றன. கட்டணத்தைத் தொகையாகப் பேசி ரசீது வாங்குங்கள்.

ஒத்துவராவிட்டால்

எழுந்து வந்துவிடலாம். வழக்கு இருந்த தீர்ப்பாயத்துக்கே திரும்பும், நீங்கள் இழப்பது எதுவும் இல்லை. இன்னொரு பக்கம், மருத்துவமனை வராந்தாவிலேயே வாகன உரிமையாளரின் ஆட்கள் ரொக்கத்தோடு வந்து கையெழுத்துக் கேட்பார்கள். தீர்ப்பாயத்திலோ மக்கள் நீதிமன்றத்திலோ பதிவாகாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பேச்சை நம்பி மனுவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது.

சமரசம் முடிந்தும் பணம் வரவில்லை என்றால், மக்கள் நீதிமன்றத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். நிறைவேற்று மனுப் போட்டு வசூலிக்கலாம். பகுதிப் பணம் மட்டும் கட்டினால், மெமோவில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அதை முதலில் வட்டிக்கும் செலவுக்கும் வரவு வைத்துக்கொண்டு மிச்சத்தை அசலில் கழிக்கும்படி கேளுங்கள். அப்போதுதான் பாக்கி அசலுக்கு வட்டி ஓடும்.

மெமோவின் சான்றிட்ட நகல், வழக்கு எண், பிள்ளைகளின் வைப்பு ரசீது எண், வங்கிக் கிளையின் பெயர் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். பிள்ளைக்கு 18 முடிந்ததும் பணம் தானாகக் கைக்கு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். வயதுச் சான்றோடும் பிள்ளையின் சொந்தக் கணக்குப் புத்தகத்தோடும் தீர்ப்பாயத்தில் மனுப் போடுங்கள். கேட்க ஆள் வராமல் தீர்ப்பாயங்களில் தேங்கிக் கிடக்கும் இழப்பீட்டுப் பணத்தைப் பற்றி உச்ச நீதிமன்றமே தானாக எடுத்து விசாரித்து 2025இல் உத்தரவு போட வேண்டியிருந்தது. உங்கள் குடும்பத்தில் பழைய விபத்து வழக்கு ஒன்று முடிந்து, சிறுவராக இருந்தவர் இப்போது பெரியவராகியிருந்தால், வழக்கு எண்ணோடு அந்த நீதிமன்ற அலுவலகத்துக்கு ஒருமுறை போய் விசாரியுங்கள்.