கிளைவ் துப்பாக்கியும் நான் தேய்த்த எழுத்தும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய மரச்சாமான் பழுது பார்ப்பது என் தொழில். சில வருஷத்துக்கு முன்னால் முதுநகரில் ஒரு வீட்டைப் பிரித்தபோது பரணிலிருந்து ஆளுயரத் துப்பாக்கி ஒன்று இறங்கியது. "கிளைவ் துப்பாக்கி தம்பி, தேவனாம்பட்டினம் கோட்டையில இருந்து வந்தது" என்றார் வீட்டுப் பெரியவர். லைசென்ஸ் காகிதமும் பத்திரமாக வைத்திருந்தார். கட்டை கறுத்துக் கிடந்தது. கை சும்மா இருக்குமா? உப்புத்தாளை எடுத்துத் தேய்த்துவிட்டேன். செய்யக்கூடாததில் முதல் காரியம் அதுதான். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒன்று கிடைத்தால், முதலில் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைக் குண்டோடு அப்படியே மாட்டி வைத்த வீடுகள் உண்டு. குழல்வாய்க்கு நேராக நிற்காமல், ஒரு மெல்லிய மரக்குச்சியை உள்ளே மெதுவாக விடுங்கள். நின்ற இடத்தில் குச்சியில் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். முனை ஏறக்குறைய சுத்தியல் விழும் இடம் வரை வரவேண்டும். நாலு விரல் முன்னாலேயே நின்றால் நோண்டாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லாவிட்டாலும் அங்கேதான் போகவேண்டும். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் அது சுடுமா சுடாதா என்று நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ள முடியாது.

அடுத்தது, நெருப்பு எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். சுத்தியலின் வாயில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வ இடம் இருந்தால் பழையது. அதற்குப் பதில் குழலின் பக்கத்தில் சின்னக் காம்பு இருந்தால், தீபாவளி கேப்பு மாதிரி ஒரு செம்புக் கேப்பை அதன் தலையில் செருகிச் சுடும் வகை. பிரிட்டிஷ் ராணுவம் அதற்கு மாறியது 1830களின் கடைசியில்தான். கிளைவ் இங்கே கோட்டையில் இருந்தது 1740களிலும் 1750களிலும். பெரியவர் கதை அந்தச் சின்னக் காம்பிலேயே உடைந்தது.

பிறகு சுத்தியலுக்குக் கீழே உள்ள இரும்புத் தகடு. துடைக்க வேண்டாம். விரலில் கொஞ்சம் முகப்பவுடர் தொட்டு லேசாகத் தடவி, காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் வைத்துப் படம் எடுங்கள். பிளாஷ் போட்டால் எழுத்து மறைந்துவிடும். எனக்குத் தெரிந்தது: கிரீடம், அதன் கீழ் வி.ஆர்., முன்பக்கம் டவர், 1856. வி.ஆர். என்றால் விக்டோரியா ராணி. டவர் என்றால் லண்டன் டவரில் செய்தது என்று எண்ணிவிடாதீர்கள். பர்மிங்ஹாம் பட்டறைகளில் செய்து வாங்கி, அரசாங்கம் சோதித்துப் போட்ட முத்திரை அது. என்பீல்ட் என்று இருந்தால் அரசின் சொந்தத் தொழிற்சாலை. கிரீடத்தை ஏந்தி நிற்கும் சிங்கம் இருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. வி.ஆர். போட்டு 1901க்குப் பிந்தைய வருஷம் இருந்தாலோ, என்பீல்டில் வரும் 'என்' எழுத்து திரும்பி நின்றாலோ அது போலி. ராணி இறந்தது 1901 ஜனவரியில்.

குழலில் பர்மிங்ஹாம் சோதனை முத்திரையோடு 24, 25 என்று எண் இருந்தால் அதை வருஷமாகவோ வரிசை எண்ணாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் துளைக்குப் பொருந்தும் ஈய உருண்டை எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்ற கணக்கு அது.

என்னை அசத்தியது குழலின் உள்பக்கம். குழல் நீளம் 39 அங்குலம், அதைக் கட்டையோடு பிடிக்க மூன்று வளையம். எல்லாம் 1853 மாடல் என்பீல்ட் ரைபிள் போலவே. அந்த ரைபிளுக்குள் மூன்று சுருள் பள்ளம் ஓடவேண்டும், துளை 14.7 மில்லிமீட்டர். டார்ச் அடித்தால் பள்ளமே இல்லை. வெர்னியர் அளவுகோலை வைத்தால் 16.7 மில்லிமீட்டர். 1857 சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குக் குறிதவறாத ரைபிளைக் கொடுக்கப் பயந்து, பள்ளமில்லாத என்பீல்டைத்தான் கொடுத்தார்கள். அளவு அதோடு ஒத்துப்போகிறது. 1856இல் ரைபிளாகப் பிறந்ததைப் பின்னால் குடைந்து அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்பது என் முடிவு.

செய்தவர் பெயர் தகட்டில் இல்லை. இந்த வகையில் ஒப்பந்தக்காரர் பெயரைப் பெரும்பாலும் கட்டையின் அடிவயிற்றில், விசைக் காப்புக்குப் பின்னால் மரத்திலேயே குத்துவார்கள். அதாவது நான் உப்புத்தாள் போட்ட இடத்தில். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்த்தபோது கடைசியில் 'ஷீத்' மட்டும் எழும்பியது. அந்தக் காலத்து பர்மிங்ஹாம் ஒப்பந்தக்காரர்களில் ஹாலிஸ் அண்ட் ஷீத் என்றொரு கம்பெனி உண்டு. முன்பாதி என் பட்டறைத் தூசியில் போயிற்று.

புதுச்சேரியில் யாரிடமாவது காட்ட வேண்டுமென்றால் படத்தையும் பென்சில் தாளையும் மட்டும் எடுத்துப் போங்கள். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி முள்ளோடை எல்லையைத் தாண்டப் பார்க்காதீர்கள்.