கத்திக் கண்காட்சியில் முதல் மேசை: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

கண்காட்சிக்கு நீங்கள் அடித்த கத்திகளில் எத்தனை கொண்டு போகலாம்? முதல் தடவை என்றால் எட்டு, பத்து போதும். அரைகுறையாகத் தேய்த்த இருபதை அடுக்குவதைவிட, எந்தப் பக்கம் திருப்பினாலும் குறை தெரியாத எட்டு மேல்.

1. எதைக் கொண்டு போவது

யூடியூபில் பார்த்த அமெரிக்க வேட்டைக் கத்தியை எல்லோரும்தான் அடிக்கிறார்கள். நம் குமரி மாவட்டத்தில் பனையேறிகளின் பாளை அருவா இருக்கிறது, வெட்டோத்தி என்கிற வெட்டுக்கத்தி இருக்கிறது, குளச்சல் பக்கம் மீன் வெட்டும் கத்தி இருக்கிறது, குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டும் கத்தி இருக்கிறது. இவற்றில் ஒன்றிரண்டை நல்ல மெருகோடு செய்து வையுங்கள். மீதி சமையல் கத்தி. ஆட்கள் நின்று பார்ப்பது பாளை அருவாவை, காசு கொடுத்து வாங்குவது சமையல் கத்தியை.

பிடிக்கு முற்றிய பனையின் வைரம் அருமையாக இருக்கும், கருப்பும் வெளுப்புமாக வரி ஓடும். ஆனால் நார் பிரியும். தண்ணீர் போல் ஓடுகிற சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, காய்ந்த பிறகு தேயுங்கள். மான் கொம்பு வேண்டவே வேண்டாம். காட்டில் உதிர்ந்து கிடந்தது என்று சொன்னாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விடாது. எருமைக் கொம்பு போதும்.

2. சட்டம்

2016 ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி அலகுகள் ஆயுதங்களாக வருகின்றன. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் வெட்டோத்தியின் பக்கத்தில் வைக்கும் அட்டையில் ‘தோட்ட வேலைக்கு’ என்று தெளிவாக எழுதுங்கள். வாள், குத்துவாள் பக்கமே போகாதீர்கள்.

3. துரு

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திக்குக் கடற்காற்றுதான் எதிரி. மெருகேற்றிய அலகைக் காலையில் ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனால், துடைக்காமல் விட்ட இடத்தில் மாலைக்குள் கட்டைவிரல் ரேகை பழுப்பாகத் தெரிய ஆரம்பித்துவிடும். வியர்வையில் இருக்கும் உப்பு செய்கிற வேலை அது. பருத்தித் துணியும் மினரல் ஆயிலும் கையிலேயே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுக்கும்.

தோல் உறைக்குள் கத்தியை நாள்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுக்கும், பதப்படுத்தும்போது சேர்ந்த ரசாயனமும் அலகை அரிக்கும். உறை தனி, கத்தி தனி.

4. அட்டை

ஒவ்வொரு கத்திக்கும் சின்ன அட்டை: எஃகு, அலகு நீளம், பிடி மரம், விலை. கடினத்தன்மையை அளந்து பார்க்காமல் எண் போடாதீர்கள். அதை அளக்கும் ராக்வெல் கருவி பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம்.

அதைவிட நம்பிக்கை தருவது ஒரு உடைந்த துண்டு. கத்தி அடித்த அதே பட்டையில் சின்னத் துண்டை அதே சூட்டில் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து (இதைத்தான் துவைப்பது என்பார்கள்), உடைத்து, மேசையில் வையுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் நைசாக இருந்தால் பதம் சரி. சீனி போலப் பரல் பரலாக மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது, அந்தக் கத்திகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான். அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தின் முதல்நிலைத் தேர்வில், தொங்கும் கயிற்றை வெட்டி, கட்டையைக் கொத்தி, கை முடியை மழித்த அதே கத்தியை வைஸ் என்கிற பிடிகருவியில் மாட்டி 90 டிகிரி வளைத்தும் காட்ட வேண்டும். அது உடையக் கூடாது.

5. பயணம்

பெட்டி அட்டையை மடித்து அலகுக்கு உறை செய்து டேப் ஒட்டுங்கள். முனைக்கு ஒரு தக்கை. திருவனந்தபுரத்திலிருந்து விமானம் என்றால் செக்-இன் பெட்டியில் மட்டும், கைப்பையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

6. மேசை

கோலம் போட்ட துணி வேண்டாம், கருநிறத்தில் வெற்றுத் துணி விரியுங்கள். எல்லாக் கத்தியின் பிடியும் பார்வையாளர் பக்கம், வெட்டும் வாய் ஒரே திசை. நடுவில் கொஞ்சம் உயரமாக உங்கள் சிறந்த கத்தி.

யாராவது எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டால் கைக்குக் கை கொடுக்காதீர்கள். மேசையில் வையுங்கள், அவரே எடுக்கட்டும். கத்தியின் வாயை விரலால் தடவிப் பார்க்க வருகிறவரிடம் ஒரு தாளை நீட்டி, “இதுல வெட்டிப் பாருங்க அண்ணே” என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். சின்னப் பிள்ளைகள் வந்தால் எழுந்து நில்லுங்கள். சாப்பிடப் போக ஒரு ஆள் துணைக்கு வேண்டும். கத்திகளை விட்டுவிட்டு நகரவே கூடாது.

7. விலையும் ஆர்டரும்

விலை எழுதியிருந்தால் பேரம் பாதியாகக் குறையும். எஃகு, மரம், கரி, சாணைப் பட்டை செலவோடு உங்கள் கூலியையும் கூட்டுங்கள். நாகர்கோவில் வடசேரிச் சந்தைக் கத்தியின் விலையோடு ஒப்பிடுகிறவர் உங்கள் வாடிக்கையாளர் இல்லை, விட்டுவிடுங்கள். கியூஆர் அட்டை கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

ஆர்டர் வந்தால் நோட்டில் அவர் முன்னாலேயே எழுதுங்கள்: அலகு நீளம், பிடி, இடக்கைப் பழக்கமா, முன்பணம், தரும் தேதி. அந்தப் பக்கத்தை அவர் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டும்.