கழற்றத் தோன்றாத கவசம்: பைக் ஓட்டும் வடசென்னைப் பெண்களுக்கு

மே மாத நண்பகலில், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்களுக்கு நடுவே நிற்கும்போதும் கழற்றி எறியத் தோன்றாத ஜாக்கெட்டையே நான் நல்ல ஜாக்கெட் என்பேன். எத்தனை தரச் சான்றுகள் இருந்தாலும், புழுக்கத்துக்குப் பயந்து வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்த உடை யாரையும் காப்பதில்லை. ஆகவே விலைக்கும் நிறத்துக்கும் முன்பாக, அது உங்கள் உடலில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள்.

முதலில் ஹெல்மெட். தையல் டேப்பைப் புருவத்துக்குச் சற்று மேலாகவும், பின்மண்டை அதிகம் புடைத்த இடத்தின் வழியாகவும் சுற்றி அளந்து, அந்த அளவை வாங்கப்போகும் நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். ஒருவரின் மீடியம் இன்னொருவரின் ஸ்மாலாக இருக்கலாம். வண்டி ஓட்டும்போது கூந்தலை எப்படிக் கட்டுவீர்களோ, கடைக்கும் அப்படியே கட்டிச் செல்லுங்கள். கொண்டையோ பெரிய கிளிப்போ இருந்தால் ஹெல்மெட் முன்னே தள்ளப்படும், அல்லது உச்சியில் ஏறி நிற்கும். கழுத்தையொட்டித் தாழப் பின்னிய ஒற்றைச் சடைதான் ஒத்துவரும். மல்லிகையும் ஜிமிக்கியும் போய்ச் சேரும்வரை கைப்பையில் இருக்கட்டும்.

போட்டு வாரைப் பூட்டியபின், பின்விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டிக் கழற்ற முயன்று பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கானது அல்ல. தலையை ஆட்டும்போது கன்னத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். பிறகு பத்து நிமிடம் கழற்றாமல் கடையிலேயே இருங்கள். "போடப் போட லூசாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வது கன்னப் பஞ்சைப் பொறுத்தவரை உண்மைதான். நெற்றியில் ஓர் இடம் மட்டும் வலித்தால், அந்த வடிவமே உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். ஐ.எஸ். 4151 தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம், 2021 ஜூன் முதல் அவை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டத்துக்குப் புறம்பானது. மணலிச் சாலையின் தூசிக்கும் இரவுப் பயணத்துக்கும் ஹெல்மெட்டின் முகப்பில் கறுப்புக் கண்ணாடி வேண்டாம்.

ஜாக்கெட்டில்தான் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 1950களிலேயே புல்லட் தயாரிக்கத் தொடங்கிய திருவொற்றியூர்ப் பக்கத்தில்கூட, பெண்கள் அளவு கேட்ட எனக்கு ஒரு கடையில் ஆண்களின் ஸ்மாலையே எடுத்து நீட்டினார்கள். அது தோளில் தொளதொளத்து, இடுப்பில் இறுக்கியது. கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது; வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். அப்போது முழங்கைப் பாதுகாப்புப் பட்டை முழங்கையின் மேலேயே இருக்கிறதா, முதுகுப்புறம் மேலேறி இடுப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். பட்டையைக் கையால் திருகினால் சுற்றிக்கொண்டு போகிறது என்றால், விழும்போதும் அது விலகிவிடும். தரமான கை, கால் பட்டைகளில் இ.என். 1621-1 என்றும், முதுகுப் பட்டையில் இ.என். 1621-2 என்றும் ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கும். முதுகில் வெறும் ஸ்பாஞ்சை வைத்துத் தைத்த ஜாக்கெட்டுகளும் விற்பனைக்கு வருவதால், உள்பையைத் திறந்து பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

நம் ஊர் வெயிலுக்கு, காற்றுப் புகும் வலைபோன்ற மெஷ் துணியே ஏற்றது. சாலையில் உராய்வதைத் தடித்த துணி அளவுக்கு அது தாங்காது, வண்டி நின்றால் காற்றும் வராது. ஆனாலும் தினமும் அணிய முடிவதால் என் தேர்வு அதுவே. வடகிழக்குப் பருவமழைக்கு, ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் மழைத்தடுப்பு லைனரை நம்பாமல், மேலே போடும் மழைக்கோட்டு வாங்குங்கள். அளவு சரியில்லாத ஜாக்கெட்டை வண்ணாரப்பேட்டைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். பல வரிசைத் தையலைப் பிரித்தால் அந்த இடம்தான் முதலில் கிழியும்.

கையுறையில் விரல்நுனி தொங்கினால் பிரேக் பிடிப்பது தடுமாறும். கணுக்காலை மூடும், கயிற்றை உள்ளே செருகிக்கொள்ளும் ஷூ போதும். கால் தரைக்கு எட்டாதவர்களுக்குத் தடித்த அடிப்பாகம் சற்று உதவும். துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துவிடுங்கள்.

கடற்காற்றின் உப்பு ஜிப்பை இறுக்கிவிடும் என்பதால், பட்டைகளைக் கழற்றியபின் ஜாக்கெட்டை நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.