தாளின் மேல் ஒரு மலை: பேப்பர் பீசிங் முதல் பாடம்

பேப்பர் பீசிங், அதாவது தாளில் வரைந்த கோட்டின் மேல் தைத்துத் துணித் துண்டுகளை இணைக்கும் வேலை, சொல்லிக்கொடுக்கும்போது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று உண்டு. தையலே தெரியாதவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்கள்தான் திணறுகிறார்கள். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருவிலேயே ரவிக்கை தைப்பதில் பேர்போன அக்கா ஒருவர் இருக்கிறார். கழுத்து வளைவை சாக்பீஸ் கோடு இல்லாமல் வெட்டுவார். அவரே முதல் நாள் இரண்டாவது துண்டிலேயே மெஷினை நிறுத்திவிட்டு, "துணியைப் பார்க்காமல் எப்படித் தைப்பது அம்மணி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த வேலையின் முழுச் சிரமமும். துணி தாளுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நாம் பார்ப்பது தாளையும் அதில் உள்ள கோட்டையும் மட்டும். கோட்டின் மேல் நேராகத் தைத்துத் திருப்பினால், கத்தி முனை போல ஒரு கூர்முனை வந்து நிற்கும். சாதாரணமாக அளந்து வெட்டி இணைக்கும்போது அப்படியொரு முனை வருவதற்கு நல்ல பழக்கம் வேண்டும். இங்கே அதைத் தாள் தருகிறது.

வேலை இதுதான். படத்தைத் தாளில் நேர்கோடுகளாக வரைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் வரிசை எண் கொடுக்கிறோம். தாளின் பின்பக்கத்தில் துணியை வைத்து, முன்பக்கத்துக் கோட்டின் மேல் மெஷினை ஓட்டுகிறோம். எல்லாம் முடிந்த பிறகு தாளைக் கிழித்து எடுக்கிறோம். அறுகோணத் தாள்களின் மேல் துணியை மடித்துக் கையால் இணைக்கும் வேறொரு முறையும் இதே பெயரில் வழங்குகிறது. அது மிகப் பழையது. இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுப்போர்வை ஒன்று தாள்மேல் மடித்துத் தைக்கும் முறையில் செய்யப்பட்டது, உள்ளே வைத்த தாள்களோடு இன்றும் இருக்கிறது. அந்தக் கைத்தையல் முறையை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று மெஷின் முறை.

நாம் செய்யப்போவது ஒரு மலை. எங்கள் ஊரில் நின்று தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை நீலமாகத் தெரியும், அடியில் பச்சை. அதையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் நான்கு துண்டு, மூன்று தையல்.

துணியும் தாளும்

நீட்டம் கொடுக்காத பருத்தித் துணி வேண்டும். ரவிக்கைத் துணி, பாப்ளின், பழைய வேட்டி எல்லாம் சரி. எங்கள் பக்கம் திருப்பூர் பனியன் துண்டுகள் கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு அதில் தொடங்காதீர்கள். தாள் இருக்கும்வரை அடங்கி இருக்கும், தாளை எடுத்ததும் சுருண்டுகொள்ளும். வானத்துக்கு நான் பயன்படுத்துவது அடுத்த வீட்டுச் சேச்சி தரும் செட் முண்டுத் துண்டு. அந்தச் சந்தன வெள்ளைக்கு முன் எந்த நிறமும் எடுப்பாகத் தெரிகிறது. கசவுக் கரையை மட்டும் வெட்டித் தனியே வைத்துவிடுங்கள்; ஜரிகை அதிகச் சூடு தாங்காது, நாமோ ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி போடப்போகிறோம்.

புதுத் துணி என்றால் அலசிக் காயவைத்த பிறகு எடுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் கருநீலம் சாயம் விட்டால் அத்தனை உழைப்பும் போய்விடும்.

தாள் மெல்லியதாக இருக்கட்டும். நகல் எடுக்கும் கடையில் கிடைக்கும் சாதாரண வெள்ளைத்தாள் போதும். கோடு போடாத நோட்டுத்தாள் இன்னும் எளிதாகக் கிழியும். செய்தித்தாள் வேண்டாம், மை துணியில் ஏறும். பென்சிலால் வரையுங்கள்.

வெட்ட வேண்டிய துண்டுகள்: மலைக்கு 5½ அங்குல அகலம், 4 அங்குல உயரத்தில் ஒன்று. வானத்துக்கு 3 அங்குலத்துக்கு 5½ அங்குலம், இரண்டு. வயலுக்கு 2 அங்குலத்துக்கு 5½ அங்குலம், ஒன்று. எல்லாமே செவ்வகம்தான். முக்கோணத்துக்கு ஏன் செவ்வகம் என்று தோன்றும். இந்த முறையில் துணி கொஞ்சம் வீணாகும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். துணியை மிச்சம் பிடிக்க அளவாக வெட்டியவர்களுக்கு, திருப்பிப் பார்க்கும்போது ஒரு மூலை மூடாமல் நிற்கும். பிரிப்பதைவிடக் கொஞ்சம் வீணாவது மேல்.

வரைதல்

தாளில் 4 அங்குலச் சதுரம் வரையுங்கள். அதைச் சுற்றிக் கால் அங்குலம் தள்ளி இன்னொரு சதுரம். இது 4½ அங்குலம் வரும். உள் சதுரம் தைக்கும் கோடு, வெளிச் சதுரம் வெட்டும் கோடு.

உள் சதுரத்தின் அடியிலிருந்து 1 அங்குலம் மேலே ஒரு படுக்கைக் கோடு போடுங்கள். அதற்குக் கீழே வயல். மேல் விளிம்பின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து படுக்கைக் கோட்டின் இரண்டு முனைகளுக்கும் சாய்கோடு இழுங்கள். மலை வந்துவிட்டது. மலைக்கு 1, இடது வானத்துக்கு 2, வலது வானத்துக்கு 3, வயலுக்கு 4 என்று எண் எழுதுங்கள். இந்த எண் வரிசையை மாற்றவே கூடாது. வயலை முதலில் தைத்துவிட்டால் சாய்கோடுகளின் அடிமுனை அதன் மேல் ஏறி நிற்கும், மூட வழியில்லை.

எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் துணி இருப்பதால், வரைந்தது இடவலம் மாறித்தான் துணியில் வரும். மலை இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் இன்று தெரியாது. நான் முதன்முதலில் 'ட' என்ற எழுத்தைத் தைத்தேன், நேர்கோடுகள் மட்டும் உள்ள எழுத்து என்று. முடித்துத் திருப்பினால் நிமிர்ந்த கோடு வலப்பக்கம் நிற்கிறது. எழுத்தோ, ஒரு பக்கம் சாய்ந்த பனைமரமோ தைக்கும்போது தாளில் கண்ணாடியில் தெரிவதுபோல வரைந்துகொள்ளுங்கள்.

மெஷின்

14ஆம் எண் ஊசி போடுங்கள். தாள் ஊசியை மழுங்கடிக்கும். நல்ல துணிக்கு வைத்திருக்கும் புது ஊசியை இதற்குக் கொடுக்க வேண்டாம். தையலைப் பொடியாக வையுங்கள், 1.5 மில்லிமீட்டர், அதாவது அங்குலத்துக்கு ஏறக்குறைய 17 தையல். பொடித் தையல் தாளில் நெருக்கமாகத் துளை போடுவதால்தான் கடைசியில் அது தபால்தலை போலக் கிழிந்து வருகிறது. கால் மெஷினில் இது இன்னும் நன்றாக வரும் என்பது என் அனுபவம். கோட்டின் முடிவில் சக்கரத்தைக் கையால் சுற்றி, நினைத்த இடத்தில் நிறுத்தலாம்.

முதல் துண்டு

தாளைக் கவிழ்த்து, வெறும் பக்கத்தில் மலைத் துணியை வையுங்கள். துணியின் நல்ல பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். கோடுகள் தாளின் ஊடே தெரியும். முக்கோணத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் கால் அங்குலம் துணி இருக்கிறதா? இருந்தால் ஒரு குண்டூசி குத்துங்கள், அல்லது பசைக்குச்சியால் ஒரு பொட்டு வையுங்கள்.

ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் இந்த வேலைக்குக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தாளை ஒரு பக்கமும் துணியை ஒரு பக்கமும் கொண்டுபோய்விடும். நான் மேசையில் நான்கு கூழாங்கல் வைத்திருக்கிறேன்.

இரண்டாவது துண்டு: இங்கேதான் நிதானம் வேண்டும்

1க்கும் 2க்கும் இடையே உள்ள கோட்டின் மேல் ஒரு தடித்த அட்டையை வைத்து, 2ஆம் பகுதித் தாளை அட்டையின் மேல் மடியுங்கள். மடிப்புக்கு வெளியே மலைத் துணி நீட்டிக்கொண்டிருக்கும். மடிப்பிலிருந்து சரியாகக் கால் அங்குலம் விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். இப்படி வெட்டிய விளிம்புதான் அடுத்த துண்டை எங்கே வைப்பது என்று காட்டும் வழிகாட்டி. இதைத் தவிர்த்துவிட்டுக் கண்ணளவில் வைப்பவர்கள்தான் அதிகம் பிரிக்கிறார்கள்.

மடிப்பை நீக்கித் தாளைக் கவிழ்த்து, வானத் துணியை மலைத் துணியின் மேல் நல்ல பக்கமும் நல்ல பக்கமும் தொடும்படி வையுங்கள். அதன் நீளமான விளிம்பு, இப்போது வெட்டிய விளிம்போடு சேர வேண்டும். கோட்டின் இரு முனைகளுக்கும் அப்பால் துணி சமமாக நீண்டிருக்கட்டும். பார்வைக்கு இது தவறாகத்தான் தெரியும். வானம் மலையின் மேல் கிடக்கும். வானம் இருக்க வேண்டிய இடம் வெறும் தாளாக இருக்கும். தைத்துப் பழகியவர்களின் கை இங்கே தானாகத் துணியை மறுபக்கம் இழுத்து வைக்கிறது. அந்த அக்காவுக்கும் அதுதான் நடந்தது. மூன்று முறை இழுத்து வைத்தார், மூன்று முறையும் நான் திருப்பி வைத்தேன்.

சந்தேகம் இருந்தால் தைப்பதற்கு முன் கோட்டின் மேல் இரண்டு குண்டூசி குத்தி, வானத் துணியைப் புரட்டிப் பாருங்கள். 2ஆம் பகுதி முழுவதும், வெளிச் சதுரம்வரை மூடுகிறதா என்று வெளிச்சத்தில் தெரிந்துவிடும். மூடினால் மறுபடி மடித்துவிட்டுத் தையுங்கள். பொடித் தையலைப் பிரிப்பது கண்ணுக்கும் தாளுக்கும் கேடு. இந்த அரை நிமிடத்தில் அதைத் தவிர்க்கலாம்.

இப்போது தாளைத் திருப்புங்கள். எழுதிய பக்கம் மேலே. கோட்டின் தொடக்கத்துக்குக் கால் அங்குலம் முன்னாலேயே ஊசியை இறக்கி, கோட்டின் மேலேயே ஓட்டி, முடிவைக் கால் அங்குலம் தாண்டி நிறுத்துங்கள். முன்பின் கட்டுத்தையல் தேவையில்லை. அடுத்த தையல் இதைக் குறுக்கே கடந்து பூட்டிவிடும்.

துணியைப் புரட்டி, நகத்தால் நீவி, இஸ்திரி போடுங்கள். நீராவியும் தண்ணீர்த் தெளிப்பும் கூடாது. ஈரம் பட்ட தாள் சுருங்கினால் அளவு கெட்டது என்று பொருள்.

மூன்றும் நான்கும்

வலது வானத்துக்கும் இதே முறைதான். மடி, வெட்டு, வை, புரட்டிப் பார், தை, இஸ்திரி. இதைத் தைத்ததும் மலையின் உச்சி தோன்றும்.

வயலுக்கு மடிக்கும்போது, முந்தைய இரண்டு தையல்களும் கோட்டைத் தாண்டி வந்திருப்பதால் தாள் மடிய மறுக்கும். அந்த இடத்தில் மட்டும் தாளைத் தையலிலிருந்து மெதுவாகப் பிரித்து விடுங்கள். தாள் கிழிந்துபோனால் எழுதிய பக்கத்தில் செல்லோ டேப் ஒட்டலாம், ஆனால் அதன் மேல் இஸ்திரிப் பெட்டி படக் கூடாது. உருகிப் பெட்டியில் ஒட்டும்.

நான்கும் முடிந்ததும், எழுதிய பக்கத்தை மேலே வைத்து, வெளிச் சதுரக் கோட்டில் தாளையும் துணியையும் சேர்த்து வெட்டுங்கள். பிசிறுகள் எல்லாம் உதிர்ந்து, ஓரம் தெளிந்த 4½ அங்குலச் சதுரம் கையில் இருக்கும். திருப்பிப் பாருங்கள். அந்த அக்கா திருப்பியபோது ஒன்றும் பேசவில்லை. மலை உச்சியை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் மறுபடி பார்த்தார்.

இணைப்பதும் தாளைக் கிழிப்பதும்

தாளை உடனே கிழிக்காதீர்கள். செவ்வகத் துண்டுகளைச் சாய்த்து வைத்துத் தைத்திருப்பதால் வானத்தின் வெளி ஓரங்களில் துணியின் இழை குறுக்காக ஓடுகிறது. தாள் இல்லாவிட்டால் இழுபட்டு நீளும். இதேபோல் செய்த இன்னொரு சதுரத்தோடு, அதாவது பக்கத்துக் கட்டத்தோடு, சேர்த்துத் தைத்த பிறகே கிழிக்க வேண்டும்.

ஒன்பது கட்டம் செய்தால் மூன்றுக்கு மூன்றாக அடுக்கி 12 அங்குலத் தலையணை உறை ஆகும். இரண்டு கட்டங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, ஒரு குண்டூசியை ஒரு தாளின் கோட்டு மூலையில் செங்குத்தாகக் குத்தி, மறு தாளின் அதே மூலையில் வெளியே வருகிறதா என்று பார்த்து, பிறகு உள் சதுரக் கோட்டின் மேல் தையுங்கள். உச்சி மேல் கோட்டைத் தொட்டு நிற்பதால், கோட்டுக்கு ஒரு நூல் உள்ளே தைத்தாலும் மலை மொட்டையாகிவிடும். ஒரு நூல் வெளியே போவது பரவாயில்லை.

பக்கவாட்டில் சேரும் மலைகளின் அடிவாரம் ஒன்றையொன்று தொட்டுத் தொடராக ஓடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நீலத்தைச் சற்று மாற்றிப் பாருங்கள், தூரத்து மலைக்கு வெளிர் நீலம் கொடுத்து.

நடுவில் இருக்கும் கட்டங்களில் நான்கு பக்கமும் இணைந்துவிட்டால் தாளை எடுக்கலாம். ஓரக் கட்டங்களுக்கு உறையின் பின்துணியைத் தைக்கும்வரை தாள் இருக்கட்டும். கிழிக்கும்போது கடைசியாகத் தைத்த துண்டிலிருந்து தொடங்குங்கள்: முதலில் 4, பிறகு 3, 2, 1. இடது கட்டைவிரலால் தையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தாளைத் தையலை நோக்கி இழுங்கள். தையலுக்குள் சிக்கிய துணுக்குகளைப் புருவம் திருத்தும் இடுக்கியால் எடுக்கலாம். எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். தரை முழுவதும் எண் எழுதிய தாள் துணுக்குகள் கிடக்கும், மடியில் தாள் இல்லாமல் தன் பலத்தில் நிற்கும் மலைத்தொடர் இருக்கும்.

அதன் அடியில் மெல்லிய பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் காடா துணி வைத்து, மலைச்சரிவை ஒட்டிக் கையால் ஓட்டுத்தையல் போட்டால் மூன்று அடுக்கும் பிணைந்துவிடும். அதற்குச் சாதாரணத் தையல் நூலே போதும்.