கலைந்துபோன வேல்ஸ் மாவட்டத்தின் வரலாற்றைத் தேடுவது எப்படி: ரொந்தாவை வைத்து ஒரு வழி

அக்கா மகள் நர்ஸ் வேலைக்காக வேல்ஸ் போயிருக்கிறாள். "மாமா, ஊர் பேர் கேட்டா இங்க எல்லாரும் ரொந்தான்னுதான் சொல்றாங்க, வரி பில்லுல மட்டும் ரொந்தா கனன் டாஃப்னு மூணு பேர் வருது, எது சரி?" என்று போனில் கேட்டாள். பெங்களூர் அல்சூரில் உட்கார்ந்துகொண்டு அதைத் தேடி முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. வழி தெரிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் தேடும் மாவட்டம் கலைக்கப்பட்ட தேதியைப் பிடியுங்கள். வேல்ஸில் இது சுலபம். 1974 ஏப்ரல் 1 அன்று நாடு முழுக்க 8 கவுண்டி, அவற்றின் கீழே 37 மாவட்டம் என்று புதிதாகப் பிரித்தார்கள். 1996 ஏப்ரல் 1 அன்று இரண்டு அடுக்கையும் எடுத்துவிட்டு ஒரே அடுக்காக 22 கவுன்சில்களை வைத்தார்கள். அதனால் யாராவது "பழைய வேல்ஸ் மாவட்டம்" என்றால் பெரும்பாலும் இந்த 22 வருடத்தில் இருந்ததைத்தான் சொல்கிறார்கள். ரொந்தா, மிட் கிளமோர்கன் கவுண்டியின் ஆறு மாவட்டங்களில் ஒன்று. 1996-இல் கனன் பள்ளத்தாக்கு, டாஃப்-ஈலி என்ற பக்கத்து மாவட்டங்களோடு அதைச் சேர்த்தார்கள். வரி பில்லில் உள்ள மூன்று பெயர் அப்படி வந்ததுதான்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள், 22 வருடம் என்பது கதையின் வால் மட்டும்தான். 1974-க்கு முன்னால் அதே நிலத்தை யார் ஆண்டார்கள் என்று பின்னோக்கிப் போய் ஒரு பெயர்ச் சங்கிலி எழுதுங்கள். ரொந்தாவுக்கு என் நோட்டில் இப்படி இருக்கிறது: 1955 முதல் முனிசிபல் பரோ (நகராட்சி மாதிரி), அதற்கு முன் 1897 முதல் ரொந்தா நகர்ப்புற மாவட்டம், 1894-இல் அதே நகர்ப்புற மாவட்டம் ஆனால் பெயர் அஸ்ட்ராடவோடுக் (Ystradyfodwg), 1877-இல் அதே பெயரில் ஒரு லோக்கல் போர்டு (உள்ளூர் நிர்வாகக் குழு), அதற்கும் முன்னால் ஒரு சர்ச் வட்டாரம். டவோடுக் என்ற புனிதரின் பள்ளத்தாக்கு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். வேல்ஸ் எழுத்தில் ஒற்றை எஃப் என்றால் வ, இரண்டு டி சேர்ந்தால் 'அது' என்பதில் வரும் த, டபிள்யூ பல இடங்களில் உ. இது தெரியாமல் போனில் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது.

சங்கிலி ஏன் முக்கியம் என்பதை நான் இங்கேயே கற்றுக்கொண்டேன். தாத்தாவின் வீட்டுப் பத்திரத்தில் "பெங்களூர் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்" என்று மங்கிய ஊதா முத்திரை இருக்கிறது. ஒரு அலுவலகத்தில் அப்படி ஓர் இடமே கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆனால் இருந்தது! 1862-இல் பேட்டை என்ற பழைய ஊருக்கு ஒன்று, கண்டோன்மெண்டுக்கு (முத்திரையில் உள்ள ஸ்டேஷன் இதுதான்) ஒன்று என்று இரண்டு நகராட்சிகள் வந்தன. 1901 கணக்கெடுப்பில் பேட்டைப் பக்கம் 69,447 பேர், நம் தமிழ்ச் சனம் நிறைந்த ஸ்டேஷன் பக்கம் 89,599 பேர். 1949-இல் இரண்டும் ஒரே மாநகராட்சி ஆயின. காகிதம் எப்போதும் அது எழுதப்பட்ட நாளில் இருந்த அமைப்பின் பெயரில்தான் தூங்கும், இன்றைய பெயரில் தேடினால் கிடைக்காது.

சங்கிலி தயாரானதும் எல்லைக்கோடு ஏன் அங்கே போனது என்று கேளுங்கள். ரொந்தாவில் பதில் நிலக்கரி. 1851-இல் அந்த வட்டாரத்தில் ஆயிரம் பேர்கூட இல்லை. 1855-இல் ட்ரெஹெர்பர்ட்டிலிருந்து முதல் நீராவி நிலக்கரி (நீராவி எந்திரங்களுக்கு எரிப்பது) கார்டிஃபுக்கு ரயிலில் போனது, 1911-இல் மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. வரைபடத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்: ரொந்தா வாவர், ரொந்தா வாக் என்று பெரிய பள்ளத்தாக்கும் சின்னப் பள்ளத்தாக்கும் இரண்டு விரல் போல நீண்டு போர்த் என்ற ஊரில் சேர்கின்றன, அந்தச் சரிவுகளில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1990-இல் மார்டியில் கடைசி ஆழ்சுரங்கமும் மூடியது. மாவட்டம் அதற்குப் பிறகு ஆறு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

இன்னொரு எச்சரிக்கை, பெயர் ஒன்றாக இருந்தால் நிலமும் ஒன்று என்று நம்பாதீர்கள். ரொந்தாவில் 1974-இல் பழைய பரோ அப்படியே மாவட்டமானது, பிரச்சினை இல்லை. பக்கத்து கனன் பள்ளத்தாக்கிலோ அபெர்டேர், மவுண்டன் ஆஷ் என்ற இரண்டு நகர்ப்புற மாவட்டங்களோடு வேறு கவுண்டியிலிருந்த பெண்டெரினையும் சேர்த்தார்கள். அங்கே பழைய மக்கள்தொகையையும் புதியதையும் நேராக ஒப்பிட்டால் தப்பாகிவிடும்.

ஆவணங்களுக்கு கார்டிஃபில் உள்ள கிளமோர்கன் ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது, அதில் அன்றைய பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம், அங்கே யாராவது இருந்தால் தெருவில் நடக்கச் சொல்லுங்கள். போன வாரம் அக்கா மகள் ஒரு இரும்புச் சாக்கடை மூடியைப் படமெடுத்து அனுப்பினாள், துருவுக்கு நடுவே ஆர்.யு.டி.சி. என்று நான்கு எழுத்து. ரொந்தா நகர்ப்புற மாவட்டக் கவுன்சில். அப்படியென்றால் அந்த மூடியை வார்த்தது 1897-க்கும் 1955-க்கும் நடுவில்தான்.