யாரும் அழுத்தாமல் தானாக அடிக்கும் ஸ்மார்ட் காலிங் பெல்: கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

நள்ளிரவில் காலிங் பெல் அடிக்கிறது. ஃபோனை எடுத்துக் கேமராவைப் பார்த்தால் வாசலில் ஆள் இல்லை. என்றோ ஒருநாள் நடந்தால் மறந்துவிடலாம். அடிக்கடி நடந்தால், அதுவும் வீட்டில் தனியாக இருப்பவருக்கோ வயதானவருக்கோ நடந்தால், தூக்கமே போய்விடும். கடைசியில் பெல்லையே அணைத்து வைத்துவிடுவார்கள். பிறகு உண்மையிலேயே யாராவது வந்து அழுத்தினாலும் உள்ளே கேட்காது. இதைச் சின்னத் தொந்தரவு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான்.

சரிசெய்ய எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர், உலர்ந்த துணி, கொஞ்சம் பொறுமை போதும். ஒயர் இணைப்புள்ள பெல் என்றால் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் நல்லது.

ஒரே ஒரு வேண்டுகோள்: எடுத்த எடுப்பில் ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள். பெல் எப்போது, எதனால் ஒலித்தது என்ற தடயம் ஆப்பில்தான் இருக்கிறது. ரீசெட் செய்து மறுபடி சேர்க்கும்போது அது கைவிட்டுப் போகலாம். கோளாறு பொத்தானிலோ ஒயரிலோ இருந்தால் ரீசெட்டால் எந்தப் பயனும் இல்லை. மறுநாளும் அதேபோல அடிக்கும்.

படி 1: ஒலித்தது எது என்று முதலில் பாருங்கள்

"பெல் அடித்தது" என்று நாம் சொல்வது உண்மையில் பல இடங்களிலிருந்து வரக்கூடிய சத்தம். வாசலில் இருக்கும் பொத்தான் கருவி, வீட்டுக்குள் சுவரில் இருக்கும் மணிப்பெட்டி, பிளக்கில் செருகிய வயர்லெஸ் ரிசீவர், ஸ்மார்ட் ஸ்பீக்கர், ஃபோன் ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒலிக்க முடியும். அடுத்த முறை அடிக்கும்போது எது ஒலித்தது, மணி என்ன, மழையா, இரவா, அப்போதுதான் கரண்ட் போய் வந்ததா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆப்பில் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து அதே நேரத்தைத் தேடுங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

பொத்தான் அழுத்தப்பட்டதாகப் பதிவு இருந்தால், வாசல் கருவியே அப்படி நம்பியிருக்கிறது. படி 3-க்குப் போங்கள். அசைவு கண்டதாக மட்டும் பதிவு இருந்தால் படி 2. ஆப்பில் எதுவுமே இல்லை, ஆனால் உள்ளே மணி அடித்தது என்றால் கோளாறு மணிப்பெட்டி, ஒயர், ரிசீவர் பக்கம். படி 4, 5, 6-ஐப் பாருங்கள்.

அழுத்தியதாகப் பதிவு இருந்தால் கூடவே வீடியோவையும் பார்த்துவிடுங்கள். விளையாட்டாக அழுத்திவிட்டு ஓடும் சிறுவர்கள் சில சமயம் கேமரா விழிக்கும் முன்பே மறைந்துவிடுவார்கள். பேட்டரியில் ஓடும் மாடல்கள் சார்ஜை மிச்சப்படுத்தத் தூங்கிக்கொண்டிருந்து, தேவைப்படும்போது எழுவதால் முதல் ஓரிரு நொடிகள் வீடியோவில் விடுபடுவது உண்டு.

படி 2: அது பெல் சத்தமா, அசைவு எச்சரிக்கையா?

பயமுறுத்தும் இரவு மணியின் காரணம் பல வீடுகளில் இவ்வளவுதான். கேமராவில் அசைவு தெரிந்தாலும் ஒலிக்கும்படி ரிசீவரோ ஸ்பீக்கரோ அமைக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஓசை இருந்தால் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

ஆப்பில் அசைவுக்கான ஒலியை வேறொன்றாக மாற்றுங்கள், அல்லது ரிசீவருக்கு மட்டும் அதை நிறுத்திவிடுங்கள். ஃபோனில் எச்சரிக்கை வரட்டும். பாதுகாப்புக்கு அது தேவை.

இரவில் மட்டும் இது நடந்தால் லென்ஸைப் பாருங்கள். இருட்டில் படம் பிடிக்கக் கேமரா அகச்சிவப்பு ஒளியை வீசும். லென்ஸுக்கு முன்னால் ஒரு சிலந்தி நூல் ஆடினாலும், பூச்சி பறந்தாலும், அந்த ஒளி பட்டுத் திரையில் பெரிய வெள்ளைப் படலமாகத் தெரியும். படத்தில் ஏற்படும் மாற்றத்தை வைத்து அசைவைக் கணிக்கும் மாடல்கள் இதில் எளிதாக ஏமாறும். மென்மையான துணியால் துடைத்து, சுற்றியுள்ள வலையை எடுத்துவிடுங்கள். தெரு தெரியாதபடி கண்காணிப்பு எல்லையைச் சுருக்கி, உணர்திறனையும் ஒரு படி குறையுங்கள்.

படி 3: பொத்தானைச் சோதியுங்கள்

பொத்தானை நாலைந்து முறை மெதுவாக அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் "டிக்" என்று உள்ளே போய், தயங்காமல் வெளியே வரவேண்டும். பிசுபிசுத்தாலோ ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ ஓரத்தில் தூசியோ பெயின்ட்டோ புகுந்திருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடித்த பிறகு தொடங்கிய கோளாறு என்றால் முதல் சந்தேகம் இதுதான். பேட்டரியை எடுத்துவிட்டு, அல்லது மெயினை அணைத்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் ஓரத்தைச் சுற்றித் துடையுங்கள். எண்ணெய் விடாதீர்கள், அது மேலும் தூசியைப் பிடித்து வைக்கும்.

அடுத்து, திருகாணிகள். சுவர் சமமாக இல்லாத இடத்தில் கருவியை இறுக்கி முடுக்கினால் அதன் உடல் லேசாக வளையும், முன்மூடி பொத்தானை உரசும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும்போது அந்த உரசலே அழுத்தமாக மாறிவிடுகிறது. திருகாணியை அரைச் சுற்று தளர்த்தி ஒருநாள் விட்டுப் பாருங்கள். மதியத்தில் மட்டும் அடிக்கும் பெல்லுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மழை நாளில் மட்டும் அடித்தால் ஈரம். உள்ளே இறங்கிய நீர் பொத்தானின் இரு முனைகளுக்கும் நடுவே மெல்லிய பாதை போட்டுவிடும். கருவிக்கு அது விரல் அழுத்தியது போலவே தோன்றும். கழற்றி, காற்றோட்டமான நிழலில் ஒருநாள் முழுக்கக் காயவிடுங்கள். வெயிலிலோ சூடான ஹேர் டிரையரிலோ காட்டாதீர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கலாம். திரும்ப மாட்டும்போது மேல்பக்கமும் இரு பக்கவாட்டும் சிலிக்கான் பசை இட்டு அடைத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் உள்ளே போன நீர் வெளியேற வழியிருக்காது. ஒயர் வரும் சுவர்த் துளையையும் அடையுங்கள். ஈரக்காற்று பின்பக்கம் வழியாகவும் வரும்.

படி 4: ஒயர் இணைப்புள்ள பெல்லா? முதலில் பாதுகாப்பு

ஒயரைத் தொடும் முன் அந்த லைனின் எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) அணைத்து, கரண்ட் இல்லை என்பதை மீட்டரால் உறுதி செய்யுங்கள். சில வீடுகளில் பழைய காலிங் பெல் சுவிட்சுக்கு டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் நேரடியாக மெயின் மின்சாரம், அதாவது 230 வோல்ட் வரை, வந்துகொண்டிருக்கும். ஒயரில் இயங்கும் ஸ்மார்ட் பெல்களில் பல 16 முதல் 24 வோல்ட் ஏசிக்கு உருவாக்கப்பட்டவை. உங்கள் வீட்டில் எந்த வகை என்று தெரியாவிட்டால் இங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் குறைந்த வோல்ட் லைன்தான் என்றால் தொடரலாம். பழைய மணிப்பெட்டிக்குள் ஒரு மின்காந்தச் சுருளும் அதன் நடுவே ஓடும் சிறு இரும்புத் தண்டும் இருக்கும். பொத்தானை அழுத்தியதும் தண்டு பாய்ந்து ஒரு தகட்டைத் தட்டும், அது "டிங்". விட்டதும் ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுத்து மறு தகட்டில் தட்டும், அது "டாங்". ஸ்மார்ட் பெல் வந்தபின் இந்த எளிய ஏற்பாட்டில் ஒரு சிக்கல் நுழைந்தது. சாதாரண சுவிட்சுக்குச் சும்மா இருக்கும்போது மின்சாரம் தேவையில்லை. கேமராவும் வைஃபையும் உள்ள கருவிக்கோ எப்போதும் கொஞ்சம் தேவை. அந்த மின்சாரம் மணிப்பெட்டியின் சுருள் வழியாகத்தான் வருகிறது. அளவு கூடினால் சுருள் தண்டை லேசாக இழுக்கும். "ஊம்" என்று முனகும், சில நேரம் தட்டியும் விடும்.

இரவில் மட்டும் மணிப்பெட்டி முனகுவதும் தட்டுவதும் இதனால்தான் இருக்கலாம்: அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கருவி அதிக மின்சாரம் இழுக்கிறது. கரண்ட் போய் வந்ததும் ஒரு தடவை அடிப்பதும் ஏறக்குறைய இதே கதை.

தீர்வு இரண்டு. ஆப்பில் மணிப்பெட்டியின் வகையைக் கேட்கும் இடத்தில் இயந்திர மணியா, டிஜிட்டல் மணியா என்று சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து, பெல்லோடு பவர் கிட் என்றோ சைம் கனெக்டர் என்றோ ஒரு சிறு பெட்டி வந்திருந்தால், அது மணிப்பெட்டியில் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் சுருளுக்குள் நுழையாமல் பக்கவழியில் போக அதுதான் உதவுகிறது. தேவையில்லாத பொருள் என்று நினைத்து அதை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். சில மாடல்களோடு டிஜிட்டல் மணிக்கு மட்டும் என்று ஒரு டையோடு, அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம், வரும். அதை இயந்திர மணியில் மாட்டக் கூடாது.

படி 5: ஒயரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பிரித்துப் பாருங்கள்

குற்றவாளி யார் என்று ஐயமில்லாமல் சொல்லும் சோதனை இது. எம்சிபியை அணைத்து, வாசல் கருவியிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றி, நுனிகளை ஒன்றோடொன்று படாமல் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். எம்சிபியைப் போடுங்கள். வழக்கமாக அடிக்கும் நேரம் வரை காத்திருங்கள்.

இப்போது சத்தமே இல்லையென்றால் வாசல் கருவியோ அதன் மின்தேவையோதான் காரணம். கருவி இல்லாமலும் மணி அடித்தால் கருவியின்மேல் பழியில்லை. மறுபடி அணைத்து, மணிப்பெட்டியில் ஃப்ரன்ட் என்று குறித்த முனையிலிருந்து ஒயரைக் கழற்றி, அதன் நுனிக்கும் டேப் சுற்றிவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் சுவருக்குள் ஓடும் ஒயரின் உறை எங்கோ உரிந்து இரண்டும் உரசுகின்றன; எலி கடித்திருக்கலாம், ஆணி இறங்கியிருக்கலாம். அப்போதும் நிற்காவிட்டால் மணிப்பெட்டியையே மாற்றவேண்டும்.

கருவியைத் திரும்ப மாட்டியதும் அதன் முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளவு எடுங்கள். கருவியின் கையேட்டில் சொன்னதைவிடக் குறைவாகக் காட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய பெல்லுக்குப் போட்ட 10 வோல்ட், 5 விஏ (விஏ என்பது டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் திறனின் அளவு) வகை, கேமரா உள்ள பெல்லுக்குப் போதாது. போதாத மின்சாரத்தில் கருவி அணைந்து அணைந்து எழும்; எழும் ஒவ்வொரு முறையும் மணி தட்டப்படலாம். 16 வோல்ட், 30 விஏ டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலான மாடல்களுக்குப் பொருந்தும் என்றாலும், வாங்கும் முன் கையேட்டைப் பாருங்கள். மாற்றும் வேலை மெயின் லைனில் நடப்பது. அதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும்.

படி 6: பிளக்கில் செருகும் வயர்லெஸ் ரிசீவர்

வாசல் பொத்தானின் பேட்டரியை முழுவதும் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். அப்போதும் ரிசீவர் அடித்தால் வேறு யாருடைய பொத்தானோ அதை அழைக்கிறது.

எளிய வயர்லெஸ் பெல்கள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், மாறாத ஒரு குறியீட்டை அனுப்புகின்றன. பழைய வகைகளில் குறியீட்டைச் சிறு ஜம்பர்களால், அதாவது கழற்றி மாட்டக்கூடிய குட்டி இணைப்புத் துண்டுகளால், அமைப்பார்கள். தொழிற்சாலையில் வைத்தபடியே இரண்டு வீட்டிலும் விட்டுவிட்டால் பக்கத்து வீட்டு விருந்தாளிக்கு உங்கள் மணி அடிக்கும். பொத்தானிலும் ரிசீவரிலும் ஜம்பர்களை ஒரே மாதிரி மாற்றினால் முடிந்தது.

புதிய வகைகளில் குறியீடு பொத்தானின் சிப்பிலேயே பதிந்திருக்கும். ரிசீவர் அதைக் கற்றுக்கொள்ளும். 20 பிட் குறியீடு என்றால் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. ஆகவே இரண்டு பொத்தான்களுக்கு ஒரே குறியீடு அமைவது அரிது. நடப்பது பெரும்பாலும் வேறு: ரிசீவர் கற்றுக்கொள்ளும் நிலையில் இருந்த சில நொடிகளில் பக்கத்து வீட்டில் யாரோ பொத்தானை அழுத்தியிருப்பார்கள், அதையும் அது நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். கையேட்டில் உள்ளபடி ரிசீவரின் நினைவை முழுவதும் அழித்து, உங்கள் பொத்தானை மட்டும் மறுபடி சேருங்கள். அழிக்காமல் திரும்பச் சேர்ப்பதால் பயனில்லை, பழைய குறியீடு உள்ளேயே இருக்கும்.

வைஃபை நெரிசலைப் பலர் குற்றம் சொல்வார்கள். வைஃபை வழியாகப் போகும் செய்தி சங்கேதமாக்கப்பட்டது. இடையூறு அதைத் தாமதப்படுத்தும், தொலைக்கும், இல்லாத மணியை உண்டாக்காது. ஆனால் தாமதம் ஏமாற்றும். மாலையில் வந்தவர் அழுத்தியது, இணைப்பு திரும்பியதும் இரவில் ஃபோனில் ஒலிக்கலாம். நோட்டிஃபிகேஷனில் உள்ள நேரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

படி 7: ஆப்பும் கணக்கும்

ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஆப்பில் இந்த பெல் தொடர்பாக ஏதாவது ரொட்டீன் (தானாக இயங்கும்படி அமைத்த கட்டளை) இருக்கிறதா என்று பாருங்கள். பழையதை நீக்குங்கள். ஆப்பிலிருந்தே மணியைச் சோதித்துப் பார்க்கும் வசதி சில மாடல்களில் உண்டு. அதனால் கணக்கைப் பகிர்ந்தவர்கள் பட்டியலில் தெரியாத பெயரோ வீட்டைவிட்டுப் போனவரின் ஃபோனோ இருந்தால் நீக்கி, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். கேமரா உள்ள கருவிக்கு இது எப்படியும் செய்யவேண்டிய வேலை. கருவிக்குள் இயங்கும் மென்பொருளுக்கு, அதாவது ஃபர்ம்வேருக்கு, அப்டேட் காத்திருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

படி 8: இப்போது ரீசெட்

மேலே சொன்ன எதுவும் பிடிபடாவிட்டால் மட்டும் ரீசெட். அதற்கு முன் நிகழ்வுப் பட்டியலையும் செட்டிங்ஸையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரீசெட்டுக்குப் பிறகும், காய்ந்து சுத்தமான பொத்தான், சரியான வோல்ட் எல்லாம் இருந்தும், யாரும் தொடாத நேரத்தில் "அழுத்தப்பட்டது" என்ற பதிவு வந்தால் உள்ளே இருக்கும் சுவிட்சோ சர்க்யூட் போர்டோ கெட்டுவிட்டது. வாரன்ட்டி இருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்களையும் நீங்கள் குறித்துவைத்த தாளையும் காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள். "ரீசெட் செய்து பாருங்கள்" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், பேட்டரி கழற்றிச் சோதித்ததையும் மீட்டர் அளவையும் சொல்லுங்கள். கருவியைத் திருப்பி அனுப்பும் முன் அதை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். உங்கள் வீட்டு வைஃபை விவரமும் பழைய வீடியோக்களும் அதோடு சேர்ந்து போய்விடக் கூடாது.